பன்னிரண்டாம் பஞ்சமம்

ஒற்றைக் குழல் விம்மாது. தேவாலய ஆர்கன்களுக்குச் சுருதி சேர்க்கும் வேலையில் எதில் சந்தேகம் வந்தாலும் டால்கேவுக்கு இதில் வந்ததில்லை. இரண்டு குழல்கள் கிட்டத்தட்ட ஒரே சுருதியில், ஆனால் இம்மி விலகிச் சேர்ந்து ஒலித்தால்தான் அந்த ஒலி, அழுகையை அடக்குகிறவளின் நெஞ்சு மாதிரி விம்மும், தணியும், மறுபடி விம்மும். விலகல் அதிகமென்றால் விம்மல் படபடக்கும். நெருங்க நெருங்க நிதானமாகும். இரண்டும் ஒன்றிவிட்டால் நின்றே போகும். பதினோரு வருஷமாக அவள் பிழைப்பே அந்த விம்மல்களை எண்ணுவதுதான். அதனால் அந்த வியாழக்கிழமை காலையில், மற்ற வரிசைகளையெல்லாம் அடைத்துவிட்டு, ஒரே ஒரு குழலைத் திறந்து, ஒரே ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அது மெல்ல விம்மியதை அவள் முதலில் நம்பவில்லை.

விரலை எடுத்தாள். மறுபடி அழுத்தினாள். ஒரு மூச்சுக்கு ஆறு.

"ரேம்ட், உள்ளே இன்னொரு குழல் திறந்திருக்கா?"

"ஒண்ணுதான். ஏன்?" ஆர்கன் பெட்டிக்குள்ளிருந்து அவள் புருஷனின் குரல் வந்தது. சின்ன வயதில் தொண்டைப்புண் வந்து போனதிலிருந்து அவனுக்கு ஓர் உடைந்த கரகரப்பு உண்டு. பாதிரியார்கள் அவனைச் சேர்ந்து பாடச் சொல்லவே மாட்டார்கள்.

"விம்முது."

"எங்கேயாவது காத்து கசியும். கேஷே அக்கா மிதிச்சுக்கிட்டே தூங்குறாங்க போல."

ஆர்கனுக்குப் பின்னாலிருந்த துருத்தி அறையிலிருந்து, காற்றுக்காகத் துருத்தி மிதிக்கும் கேஷே உடனே பதில் கொடுத்தாள். "நான் தூங்கினா உன் ஆர்கன் செத்துடும் தம்பி. உன் பொண்டாட்டி காதுல கொஞ்சம் வெண்ணெய் விடு."

ரேம்ட் சிரித்தான். டால்கே சிரிக்கவில்லை. அவள் கழுத்தைத் திருப்பி, முதல் வரிசை இருக்கையில் வைத்திருந்த கூடையைப் பார்த்தாள். உள்ளே ஏழு மாத ஊபோ, தலைவரைக் கம்பளி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தான். கூடைக்கு அடியில் தணல் பெட்டி. அந்தப் பக்கத்தில் விறகுக்குப் பதில் எரிக்கும் உலர்ந்த சேற்றுக்கட்டியின் வாசமும், ஈரக் கல்லின் வாசமும், ஈயத்தைச் சுரண்டிய வாசமும் சேர்ந்து அந்தத் தேவாலயம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஊபோவுக்கு முன் பிறந்த இரண்டையும் இந்தக் கடலோரச் சேற்றுக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதனால் இவனை அவள் யாரிடமும் விட்டுவைப்பதில்லை. வேலைக்குப் போகிற ஊருக்கெல்லாம் கூடையோடு தூக்கிக்கொண்டு போவாள். அவளுக்கு வேறு ஆசை எதுவும் மிச்சமில்லை. இவன் ஒருவன் இருந்தால் போதும்.

திங்கட்கிழமைதான் இந்த ஊருக்கு வந்திருந்தார்கள். மேட்டின்மேல் தேவாலயம், சுற்றிலும் தாழ்ந்த வீடுகள், அதற்கப்பால் கரை, அதற்கப்பால் கடல். நவம்பர் மாதத்தில் இதில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. பனிமூட்டம் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். ஊருக்குப் புதிதாக வந்திருந்த ஆர்கன்காரர் லூபெர்ட் நகரத்தில் படித்தவர். இந்த ஆர்கனில் பாதிப் பாட்டு வாசிக்க முடியவில்லை, பழைய சுருதி என்று ஊர்ப் பெரியவர்களிடம் மூக்கால் அழுதிருந்தார். அவர் சொன்னது உண்மைதான்.

ச-விலிருந்து ப-வுக்கு உள்ள தூரம் ஒரு பஞ்சமம். அப்படிப் பன்னிரண்டு பஞ்சமங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனால் கிளம்பிய இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஆனால் சரியாக வந்து சேராது, எங்கேயோ இடிக்கும். அந்தக் காலத்துக்காரர்கள் காந்தாரம் தேனாக இனிக்க வேண்டுமென்று பதினோரு பஞ்சமங்களை இம்மி இம்மியாகக் குறுக்கி வைத்தார்கள். குறுக்கியதெல்லாம் சேர்ந்து பன்னிரண்டாவதின் தலையில் விழுந்தது. அந்த இணையின் இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்தினால் ஊளையிடும். ஆர்கன் வேலைக்காரர்கள் அதை ஓநாய் என்பார்கள். யாரும் அழுத்த மாட்டார்கள். வீட்டில் வேண்டாத சாமான்களை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, மற்ற அறைகளில் நிம்மதியாக இருப்பார்களே, அப்படி.

லூபெர்ட்டுக்கு அந்த அறையும் வேண்டும். அதாவது ஓநாயைப் பிய்த்து, பன்னிரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கிட்டுவிட வேண்டும். எங்குமே இனிக்காது, எங்குமே ஊளையிடாது. நகரத்தில் இப்போது அதுதான் வழக்கமாம்.

ரேம்ட் பெட்டிக்குள் இறங்கிய முதல் நாளே பலகையில் பழைய வேலைக்காரர்களின் பெயர்களைப் பார்த்துவிட்டுச் சத்தம்போட்டுப் படித்தான். சுருதி சேர்த்தவர்கள் உள்பக்கம் சுண்ணக்கட்டியால் பெயரும் வருஷமும் எழுதிவைப்பது எல்லா ஊரிலும் உண்டு. இங்கே ஏழு பெயர்கள், நூற்று இருபது வருஷத்துக்கு. ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரே வரி, வேறு வேறு கையெழுத்தில்: எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது. தண்ணிபோட்டுவிட்டு எழுதியிருப்பான்கள் என்று ரேம்ட் கேலி செய்தான். டால்கேவும்தான் சிரித்தாள்.

பழைய சுருதியைக் கலைப்பதற்குமுன் அதில் ஊளை எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. அதனால் அவள் அந்த இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்தினாள். ஊளை கிளம்பியது. அவள் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ஓநாய்களைக் கேட்டிருக்கிறாள். இது கரடுமுரடாக, ஆழமாக, படபடவென்று அடித்துக்கொண்டு, இரண்டு குழல்களுக்கும் கீழே மூன்றாவதாக ஏதோ ஒரு முனகலையும் இழுத்துக்கொண்டு வந்தது. அந்த முனகல் குழல்களிலிருந்து வரவில்லை, பலகைகளுக்குப் பின்னாலிருந்து வருவதாக அவளுக்குப் பட்டது. பிறகு காற்று தீர்ந்து இரண்டும் சரிந்து அடங்கின. கேஷே மிதிப்பதை நிறுத்திவிட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகியபடியே வெளியே வந்து நின்றாள்.

"நாப்பது வருஷமா மிதிக்கிறேன். அதுக்கு நான் காத்து குடுத்ததில்ல" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவளுக்கும் தெரியவில்லை. குடுக்கக் கூடாது என்று அவளுக்கு முன்னால் மிதித்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு, எனக்கென்ன, நான் மிதிக்கிறவள்தானே என்று திரும்பிப் போனாள்.

இரண்டு நாள் வேலை நடந்தது. ரேம்ட் சில குழல்களின் நுனியை வெட்டினான், சிலவற்றின் வாயைப் பித்தளைக் கூம்பால் தட்டி ஒடுக்கினான். டால்கே கட்டையை அழுத்தி விம்மல்களை எண்ணி, போதும், இன்னும் கொஞ்சம், நிறுத்து என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கை அவனுடையது, காது அவளுடையது. ஒரு பானைக் கஞ்சியைப் பன்னிரண்டு தட்டுக்குப் பங்கிடுகிற மாதிரி, இதற்கொரு கரண்டி, அதற்கொரு கரண்டி. புதன்கிழமை சாயங்காலம் அந்த இரண்டு கட்டைகளையும் சேர்த்து அழுத்தியபோது ஊளை இல்லை. சாதாரணமான, மந்தமான ஒரு பஞ்சமம். லூபெர்ட் வந்து வாசித்துப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டால்கேவுக்குத் தன் காதைப் பற்றி அன்று கர்வமாகக்கூட இருந்தது.

வியாழக்கிழமை மீதியிருந்தது மேல்வரிசைச் சின்னக் குழல்கள்தான். அதில்தான் அந்த ஒற்றைக் குழல் விம்மியது.

கசிவு எங்கும் இல்லை. அடைப்புகளைச் சரிபார்த்தாயிற்று. கடைசியில் ரேம்ட் அலுத்துக்கொண்டு அந்தக் குழலைப் பிடுங்கி எடுத்து, பெட்டியின் சின்னக் கதவு வழியாக வெளியே வந்து, அவள் எதிரிலேயே அதை வாயில் வைத்து ஊதினான். காற்றுப்பெட்டியில்லை, பக்கத்தில் வேறு குழலில்லை. அவன் கையில், அவன் மூச்சில், ஈயத்தில் செய்த ஒரு சாண் குழல்.

அது விம்மியது.

"நல்லாத்தானே இருக்கு" என்றான் ரேம்ட்.

அவள் தன் காதுகளை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். களைப்பு என்று சொல்லிக்கொண்டாள். குழந்தை இரவில் இரண்டு முறை எழுப்பினான், குளிர் வேறு, காது அடைத்திருக்கும். அப்போது துருத்தி அறையில் கேஷே வழக்கம்போலத் தனக்குள் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பாட்டை முனக ஆரம்பித்தாள். மூக்கால் பாடும், சுருதி சேராத, பழகிப்போன குரல். டால்கே அதைக் கேட்காதவள் மாதிரி கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதோ தானாகவே எண்ணிக்கொண்டிருந்தது. ஐந்து. ஐந்து. ஐந்து. நான்கு.

விம்ம வேண்டுமானால் இரண்டு வேண்டும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேஷேயின் தொண்டையில் கேஷேயோடு சேர்ந்து இன்னொன்று பாடிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட கேஷே மாதிரியே. இம்மி விலகி.

மதிய மணி அடித்தது. தலைக்கு மேலே, கோபுரத்தில், ஒரே ஒரு வெண்கல மணி. அதுவும் விம்மியது. மணி எப்போதுமே கொஞ்சம் அலையடிக்கும் என்று அவள் தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள். ரேம்ட் ரொட்டியும் மோரும் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் ஏன் முகம் வெளுத்திருக்கிறாள், காய்ச்சலா என்று கேட்டான். அந்தக் கேள்வியில், அவள் பதினோரு வருஷமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட அந்தக் கரகரத்த குரலில், அது இருந்தது.

ஒரு மூச்சுக்கு நான்கு.

"ரேம்ட், பேசு. எதையாவது பேசு."

என்ன பேச என்று அவன் சிரித்தான். பிறகு அடுத்த ஊர் வேலையைப் பற்றி, படகுக்காரனைப் பற்றி, ஊபோவுக்கு வந்திருக்கும் கீழ்ப்பல்லைப் பற்றிப் பேசினான். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு ஒன்றுதான், நாக்கு ஒன்றுதான். ஊபோவின் பல்லைப் பற்றிச் சொல்லும்போது மூன்று. படகுக்காரனுக்குத் திரும்ப வந்தபோது மூன்றுக்கும் குறைவு. நிதானமாகிக்கொண்டே வந்தது. நிதானமாவது என்றால் நெருங்குவது. ஓடி வருகிற ஒன்று வீட்டு வாசல் தெரிந்ததும் நடக்க ஆரம்பிக்கிற மாதிரி.

எல்லாம் ஒரே இடத்தில் இருக்கிறது என்று அந்த ஏழு பேரும் எழுதியது எதைப் பற்றி என்று இப்போது அவளுக்குப் புரிந்தது. அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடு என்றாள். பங்கிட்டதையெல்லாம் திரும்ப எடுத்து அந்த ஓர் இணையில் போட்டுவிடு, ஊளையிட்டால் இடட்டும், நான் லூபெர்ட்டிடம் சொல்லிக்கொள்கிறேன், காலில் வேண்டுமானாலும் விழுகிறேன் என்றாள்.

"வெட்டினதை எப்படி ஒட்டுறது டால்கே? வெட்டின வளையமெல்லாம் நேத்தே உருக்கிட்டேன்." அவன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தான். "நீதானே எண்ணிச் சொன்னே."

அந்த மூன்று வாக்கியத்துக்குள் ஒரே ஒரு விம்மல். அகலமாக எழுந்தது, மெல்லச் சரிந்தது. அவள் அடுத்ததற்காகக் காத்திருந்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு, அது வர வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"கொஞ்சம் ரொட்டி சாப்பிடு" என்றான் ரேம்ட்.

வரவில்லை.

கரகரப்பும் இல்லை. குரல் வழவழவென்று, நேராக, நன்றாகச் சேர்ந்த குழல் மாதிரி வந்தது. அவன் அவளைப் பார்த்து அன்பாகச் சிரித்தான். அவன் கண், அவன் நெற்றித் தழும்பு, விரல் நகங்களில் அவனுடைய ஈயக் கறுப்பு. எதுவும் மாறவில்லை. யாரிடம் போய் என்னவென்று சொல்வது? என் புருஷன் குரல் இனிமையாகிவிட்டது என்றா?

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

வெளியே பனிமூட்டத்தில் கல்லறைகள்கூடத் தெரியவில்லை. கால் தெரிந்த வழியில் போயிற்று. மேட்டின் அடியில் கேஷேயின் வீடு. அதில்தான் அவர்கள் தங்கியிருந்தார்கள். முன்பாதி வீடு, பின்பாதி மாட்டுக்கொட்டில், இரண்டுக்கும் ஒரே கூரை. முன்கதவைத் தாழிட்டாள். கொட்டிலுக்குப் போகிற சின்னக் கதவுக்குத் தாழ் இல்லை. துணிப்பெட்டியை இழுத்து முட்டுக்கொடுத்தாள். அடுப்போரம் உட்கார்ந்து ஊபோவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ஓடிய குலுக்கலில் விழித்தவன் பசியில் வீறிட்டான்.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

ஒரே குரல். ஒன்றேதான். கிறீச்சென்று, ஈரமாக, சுருதியே இல்லாத, தனியான ஒரு குழந்தையின் அழுகை. அதில் வேறு யாரும் இல்லை. டால்கே அழுதாள். அழுடா என் ராஜா, நல்லா அழு என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே அவனை மார்போடு சேர்த்தாள். விடியும் முன் படகுத்துறைக்குப் போய்விடலாம். இவனை மட்டும் தூக்கிக்கொண்டு, ஆர்கனே இல்லாத ஏதாவது ஓர் ஊருக்கு. ரேம்ட்டை அங்கேயே விட்டுவந்தாயிற்று. அதைப் பிறகு அழுதுகொள்ளலாம்.

வெளிச்சம் நாலு மணிக்கே வடிந்துவிட்டது. கொட்டிலில் மாடுகள் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தன. நீளமான, சூடான மூச்சு. ஒன்று கத்தியது. குரல் நேராக இருந்தது. இன்னொன்று கத்தியது, அதுவும். மாடு எப்போதும் இப்படித்தான் கத்துமா என்று அவளுக்கு ஞாபகமில்லை.

ஊபோ பாலை விட்டுவிட்டுச் சிணுங்கினான்.

படபடவென்று ஒரு விம்மல். ஒரு மூச்சுக்கு ஏழு, எட்டு. எண்ண முடியாத வேகம்.

இல்லை என்றாள் அவள். வெளியே சொல்லவில்லை. அவன் வாயைத் திறந்து பார்த்தாள். இளஞ்சிவப்பு ஈறு. ஒரு பல்லின் வெள்ளை நுனி. சின்ன நாக்கு. காதைப் பொத்திவிடலாமா? இவன் காதையா, தன் காதையா? எதைப் பொத்தினால் எது நிற்கும்?

சிணுங்கல் நின்றது. கண் சொருகியது. தூங்கப் பார்த்தான்.

அமைதியில் எதுவும் தெரியவில்லை. எவ்வளவு நெருங்கிவிட்டது, எவ்வளவு தூரம் இருக்கிறது, தெரியவில்லை. விம்மல் கேட்கும்வரை இரண்டு பேர். விம்மல் கேட்கும்வரை அவள் பிள்ளை உள்ளே இருக்கிறான்.

அவள் அவன் பாதத்தைக் கிள்ளினாள்.

வீறிட்டான். ஆறு.

"மன்னிச்சுக்கோடா" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். மறுபடி கிள்ளினாள். ஐந்து. இன்னொரு பாதம். ஐந்து. பூப்போன்ற அந்தக் குதிகாலில் அவள் நகம் பதிந்து சிவந்திருந்தது. கிள்ளினாள். நான்கு.

முன்கதவை யாரும் தட்டவில்லை. கொட்டில் பக்கம் வைக்கோலில் காலடி. ஒருவர் அல்ல. மாடுகள் விலகி வழிவிடுகிற சத்தம்.

கிள்ளினாள். மூன்று.

முட்டுக்கொடுத்த பெட்டி தரையில் உராய்ந்தது. அவசரமில்லை. ஒரு விரற்கடை, இன்னொரு விரற்கடை.

கிள்ளினாள். இரண்டு. எழுந்து, சரிந்து. எழுந்து, சரிந்து.

கிள்ளினாள்.

ஒன்று. எவ்வளவு நீளம். அறையளவு அகலமாக எழுந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். சரியாதே. சரியாதே. சரிந்தது.

கிள்ளினாள். நகம் தோலைக் கிழித்து ரத்தம் வந்தது.

நேரான ஓர் ஒலி. தெளிவாக, இனிமையாக. பிறகு அவன் அழுகையை நிறுத்திக்கொண்டான். கண்ணில் நீரில்லை. காலில் ரத்தம் வழிய, அவன் அவளை நிதானமாகப் பார்த்தான்.

ரேம்ட் உள்ளே வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். கேஷே அவன் பின்னால் நின்றாள். மூச்சு மட்டும் கேட்டது. அவனுடையதும் கேஷேயுடையதும் குழந்தையுடையதும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் அடங்கின. கொட்டிலில் மாடுகளுடையதும். அலறல் அவள் தொண்டைக்குழிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் அதில் எத்தனை குரல் இருக்குமோ என்ற பயத்தில் அவள் உதடுகளை இறுக மூடிக்கொண்டாள். மூவரும் அவள் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். கோபமில்லை, அவசரமில்லை.

மடியிலிருந்த குழந்தை கையை நீட்டியது. பால் மணம் மாறாத சின்ன விரல்கள் அவள் உதடுகளைத் தடவின, நடுவில் இருந்த கோட்டைக் கண்டுபிடித்தன, மெல்ல நெம்பித் திறக்க ஆரம்பித்தன.